சூத்திரத்துக்கு முன் அளந்து பாருங்கள்: பௌதிகவியலும் இரசாயனவியலும் தொடங்குவோருக்கு

தரம் 9, 10 வந்து விஞ்ஞானப் பாடம் கனக்கத் தொடங்கியதும் எங்கள் பிள்ளைகளில் பலர் செய்யும் முதல் வேலை, வரைவிலக்கணங்களுக்கு அடியில் கோடு போட்டுப் பாடமாக்குவது. ஆர்முடுகல் என்றால் வேகமாற்ற வீதம் என்று மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் பிள்ளையிடம், காலி வீதியில் புறப்படும் பஸ்ஸின் ஆர்முடுகல் ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று கேட்டால் திகைத்துப்போகிறது. இரண்டா, இருநூறா என்று ஊகிக்கக்கூட முடிவதில்லை. பிள்ளையின் அறிவில் குறையில்லை. அந்தச் சொல்லோடு ஓர் எண்ணும் ஒரு காட்சியும் சேர்ந்து மனத்தில் பதியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இந்த வழிகாட்டியின் முறை இதுதான்: ஒவ்வொரு எண்ணக்கருவையும் முதலில் வீட்டிலோ வீதியிலோ அளந்து பாருங்கள், பிறகு சூத்திரத்துக்குப் போங்கள். கொழும்பில் ஒரு தொடர்மாடி வீட்டில் இருந்துகொண்டே இதில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

முதலில் சேர்க்க வேண்டியவை

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் விஞ்ஞானப் பாடநூல்தான் அடிப்படை. பாடசாலையில் இலவசமாகக் கிடைக்கும். தொலைந்துவிட்டால் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்ப் பிரதியை இறக்கிக்கொள்ளலாம். ரியூசன் வகுப்பில் தரும் குறிப்புகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், பாடநூலை ஒருமுறையாவது சொந்தமாக வாசிக்காமல் அவற்றைத் தொடாதீர்கள். குறிப்புகளில் முடிவுகள் இருக்கும்; அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பது பாடநூலில்தான் இருக்கிறது. மேலதிகமாக வாசிக்க விரும்புவோருக்கு வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும், விகாரமாதேவி பூங்காவுக்கு அருகில் பொது நூலகமும் இருக்கின்றன.

பொருள்கள் என்று பார்த்தால், ஒரு சமையலறை இலத்திரனியல் தராசு, மருந்துக்கடையில் வாங்கிய ஊசியில்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்ச், அடிமட்டம், நிறுத்தற்கடிகாரமாகப் பயன்படுத்தக் கைத்தொலைபேசி. தனியாக ஒரு கொப்பி வேண்டும். அதில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் "என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். இந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள். முன்கூட்டி எழுதினால்தான் விடை உங்களை வியக்கவைக்கும், வியந்தது மறக்காது.

திணிவு, கனவளவு, அடர்த்தி

தராசில் ஒரு வெறுங்கோப்பையை வைத்துப் பூச்சியமாக்குங்கள். சிரிஞ்சால் பத்து முறை நீர் எடுத்து ஊற்றுங்கள். 100 மில்லிலீற்றர் நீர், 100 கிராமுக்கு மிகக் கிட்ட வரும். கோப்பையைத் துடைத்துவிட்டு அதே அளவு தேங்காய் எண்ணெய் ஊற்றுங்கள். ஏறக்குறைய 92 கிராம் காட்டும். கனவளவு ஒன்றுதான், திணிவு வேறு. இரண்டையும் வகுத்தால் வருவது அடர்த்தி. நீருக்கு ஒரு கன சென்ரிமீற்றருக்கு 1 கிராம், எண்ணெய்க்கு 0.92. குழம்பின் மேல் எண்ணெய் ஏன் மிதக்கிறது என்பதற்கு இனி யாரும் உங்களுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அடுத்து ஒரு முட்டை. குழாய்நீரில் அது தாழும். கரண்டி கரண்டியாக உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மேலெழும். இப்போது கொப்பியில் எழுதுங்கள்: காலி முகத்திடலில் இருந்து ஒரு போத்தல் கடல்நீர் கொண்டுவந்தால் அதில் முட்டை மிதக்குமா? பெரும்பாலானோர் "ஆம்" என்றே எழுதுவார்கள். புதிய முட்டை கடல்நீரில் தாழ்ந்துவிடும். கடல்நீரில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள்தான் கரைந்திருக்கின்றன. அதன் அடர்த்தி 1.025 அளவில் நிற்கிறது. புதிய முட்டையின் அடர்த்தி அதைவிடச் சற்று அதிகம். பழைய முட்டை என்றால் உள்ளே வளியறை பெருத்து அடர்த்தி குறைந்திருக்கும், அது மிதக்கக்கூடும். அம்மா முட்டையை நீரில் போட்டுப் பழுதா என்று பார்ப்பதன் காரணமும் இதுவே.

திணிவையும் நிறையையும் குழப்பிக்கொள்வது இந்த இடத்தில்தான் தொடங்கும், எனவே இங்கேயே தீர்த்துவிடுங்கள். திணிவு பொருளில் அடங்கிய சடப்பொருளின் அளவு, அலகு கிலோகிராம். நிறை என்பது அதைப் பூமி இழுக்கும் விசை, அலகு நியூற்றன். 50 கிலோகிராம் திணிவுள்ள ஒருவரின் நிறை ஏறத்தாழ 500 நியூற்றன். சந்திரனுக்குப் போனால் திணிவு மாறாது, நிறை ஆறில் ஒரு பங்காகிவிடும்.

பஸ்ஸில் இயக்கமும் விசையும்

பாணந்துறைக்கும் புறக்கோட்டைக்கும் இடையே ஓடும் 100ஆம் இலக்கப் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருப்பீர்கள். அது மணிக்கு 36 கிலோமீற்றரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணித்தியாலத்தில் 3600 செக்கன்கள். ஆகவே அது செக்கனுக்கு 10 மீற்றர். இந்த மாற்றத்தை விரல் நுனியில் வைத்திருங்கள், பரீட்சையில் பாதித் தவறுகள் இதில்தான் நேர்கின்றன.

தரிப்பிடத்தில் ஓய்விலிருந்து புறப்பட்ட பஸ் 5 செக்கன்களில் அந்த வேகத்தை அடைந்தால் ஆர்முடுகல் 10ஐ 5ஆல் வகுத்து வரும் 2. அதாவது ஒவ்வொரு செக்கனும் வேகம் செக்கனுக்கு 2 மீற்றர் வீதம் கூடுகிறது. முன்னால் ஒரு முச்சக்கரவண்டி குறுக்கிட, சாரதி 2 செக்கன்களில் நிறுத்திவிடுகிறார் என்றால் அமர்முடுகல் 5. உங்கள் உடல் பழைய வேகத்திலேயே போக முனைகிறது. அந்தப் பண்பைத்தான் சடத்துவம் என்கிறோம். உங்களைப் பஸ்ஸோடு சேர்த்து நிறுத்த ஒரு விசை வேண்டும். எவ்வளவு? விசை = திணிவு × ஆர்முடுகல் என்ற நியூற்றனின் இரண்டாம் விதிப்படி 50 × 5 = 250 நியூற்றன். அது 25 கிலோகிராம் அரிசி மூடையைத் தூக்கிப் பிடிக்கத் தேவையான விசை. கம்பியை ஒரு கையால் பிடித்திருந்தால் கை ஏன் வலிக்கிறது என்பது இப்போது எண்ணாகவே தெரிகிறது. முதலாம் விதியும் இரண்டாம் விதியும் இந்த ஒரு பயணத்துக்குள் அடங்கிவிட்டன. மூன்றாம் விதிக்கு, நீங்கள் கம்பியை இழுக்கும் அதே அளவில் கம்பி உங்களை எதிர்த்திசையில் இழுக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

படிக்கட்டும் கேத்தலும்: சக்தி, வலு

வேலை, சக்தி, வலு என்ற மூன்றும் மாணவர்களை அலைக்கழிப்பவை. இதற்கு மின்தூக்கியை விட்டுவிட்டுப் படியால் ஏறுங்கள். ஒரு மாடிக்கு 3 மீற்றர் என்று கொண்டால் நான்காம் மாடிக்கு 12 மீற்றர். உங்கள் நிறை 500 நியூற்றன் என்றால் செய்த வேலை 500 × 12 = 6000 யூல். அதை 30 செக்கன்களில் ஏறினால் வலு 6000 ÷ 30 = 200 வாற்று. ஓடி ஏறினாலும் நடந்து ஏறினாலும் வேலை மாறாது, வலுதான் மாறும். ஏறிப் பாருங்கள், நேரத்தைக் குறியுங்கள், உங்கள் சொந்த எண்ணைக் கணியுங்கள்.

இனிக் கேத்தலின் அடியில் ஒட்டியிருக்கும் விபரச்சீட்டை வாசியுங்கள். 2000 வாற்று என்று இருந்தால், மூச்சு வாங்க நீங்கள் நான்கு மாடி ஏறிச் செய்த அந்த 6000 யூல் வேலையின் அளவு சக்தியைக் கேத்தல் 3 செக்கன்களில் எடுத்து முடித்துவிடுகிறது. நீரைச் சூடாக்குவது எவ்வளவு பெரிய செலவு என்பதை எந்த விளம்பரமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிடாது.

பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்ததைச் செய்யுங்கள். 1 கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1 பாகை செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4200 யூல் தேவை. இதுதான் நீரின் தன்வெப்பக் கொள்ளளவு. கொழும்பில் குழாய்நீர் 30 பாகை அளவில் இருக்கும் என்று கொண்டால் கொதிநிலைக்கு 70 பாகை ஏற்ற வேண்டும். 4200 × 70 = 294 000 யூல். 2000 வாற்றுக் கேத்தலுக்கு அது 147 செக்கன். 2 நிமிடமும் 27 செக்கனும். இப்போது 1 லீற்றர் நீரை அளந்து ஊற்றி நேரத்தைப் பாருங்கள். கணக்கில் வந்ததைவிடக் கூடுதலாக எடுக்கும். அந்த மேலதிக நேரம் எங்கே போயிற்று என்று யோசிப்பதுதான் பாடம்: கேத்தலின் உடல் சூடானது, சுற்றியுள்ள வளிக்கு வெப்பம் போயிற்று, கொஞ்சம் நீர் ஆவியாயிற்று. பயனுள்ள சக்தியை மொத்தச் சக்தியால் வகுத்தால் வினைத்திறன் கிடைக்கும். மின்கட்டணப் பட்டியலில் வரும் ஓர் அலகு ஒரு கிலோவாற்று மணித்தியாலம், அதாவது 36 இலட்சம் யூல். ஒரு கேத்தல் நீருக்கு எத்தனை அலகு என்பதை நீங்களே கணித்து வீட்டில் சொல்லுங்கள்.

மின்சுற்றுக்கு வீட்டு மின்சாரத்தைத் தொடவே வேண்டாம். இலங்கையில் அது 230 வோல்ற்று. உயிரைக் குடிக்கப் போதுமானது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் பொருள் விற்கும் கடைகளில் 100 ஓம் தடையொன்றும் மலிவான மல்ரிமீற்றரும் கிடைக்கும். ஒரு 1.5 வோல்ற்றுக் கலத்தைத் தடையோடு இணைத்தால் ஏறத்தாழ 15 மில்லிஅம்பியர் ஓடும். தொடராக இரண்டு கலங்கள் வைத்தால் 30. மூன்று வைத்தால் 45. மின்னழுத்தத்தை நிலைக்குத்து அச்சிலும் மின்னோட்டத்தைக் கிடை அச்சிலும் குறித்து வரைபு வரைந்தால் நேர்கோடு வரும். அதன் படித்திறன்தான் தடை. ஓமின் விதி இவ்வளவுதான். ஓட்டத்தை அளக்கும்போது மானியைத் தடையோடு தொடராக இணையுங்கள்; கலத்தின் இரு முனைகளுக்கும் நேரடியாகக் கொடுத்தால் மானியின் உருகி எரிந்துபோகும்.

சடப்பொருளின் நிலைகள்

இது எளிது, விரைவாகக் கடக்கலாம். திண்மத்தில் துணிக்கைகள் இடத்தில் நின்று அதிர்கின்றன, திரவத்தில் ஒன்றையொன்று வழுக்கி நகர்கின்றன, வாயுவில் தாறுமாறாகப் பறக்கின்றன. தேங்காய் எண்ணெயின் உருகுநிலை 24 பாகை அளவில் இருப்பதால் கொழும்பில் அது திரவம், நுவரெலியாவில் உறைந்த வெண்கட்டி. அதே நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1800 மீற்றருக்கு மேல் இருப்பதால் அங்கே வளியமுக்கம் குறைவு. நீர் 94 பாகையிலேயே கொதிக்கிறது, பருப்பு அவிய நேரமெடுக்கிறது. அமுக்கச் சமையற்பாத்திரம் இதற்கு நேர்மாறு: உள்ளே அமுக்கத்தைக் கூட்டி, நீரை 120 பாகை அளவில் கொதிக்கவைக்கிறது. கொழும்பில் வியர்வை உலராமல் கசகசப்பது ஏன் என்பதையும் இந்தப் பாடத்தோடு சேர்த்து யோசியுங்கள். வளியில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருக்கிறது, ஆவியாதல் மெதுவாகிறது, உடலிலிருந்து மறைவெப்பம் வெளியேறுவதும் குறைகிறது.

அணுவும் ஆவர்த்தன அட்டவணையும்

இரசாயனவியலில் பாடமாக்கியே ஆகவேண்டிய ஒன்று இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஐதரசன் தொடக்கம் கல்சியம் வரையான முதல் 20 மூலகங்களின் பெயர், குறியீடு, அணுவெண் மூன்றும் தூக்கத்தில் கேட்டாலும் வரவேண்டும். ஒரு வாரம் காலையில் பத்து நிமிடம் எழுதிப் பார்த்தால் போதும். அதற்குமேல் பாடமாக்கத் தேவையில்லை. மிச்சத்தை அட்டவணையே சொல்லித்தரும்.

அணுவெண் என்பது கருவில் உள்ள புரோத்தன்களின் எண்ணிக்கை. நடுநிலையான அணுவில் இலத்திரன்களும் அத்தனையே. அந்த இலத்திரன்களைக் கருவைச் சுற்றியுள்ள ஓடுகளில், முதல் ஓட்டில் 2, அடுத்ததில் 8, அதற்கடுத்ததில் 8 என்று நிரப்பிக்கொண்டு போங்கள். சோடியம் 2, 8, 1. குளோரின் 2, 8, 7. சோடியம் ஓர் இலத்திரனை இழக்க, குளோரின் ஒன்றைப் பெற, இரண்டும் மின்னேற்றமுள்ள அயன்களாகி ஒன்றையொன்று கவர்கின்றன. நீரில் போட்டால் சீறி வெடிக்கும் உலோகமும், நச்சு வாயுவும் சேர்ந்து நாம் சோற்றுக்குப் போடும் உப்பாகிவிடுகின்றன. சேர்வையின் இயல்பு மூலகங்களின் இயல்பிலிருந்து முற்றிலும் வேறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ரஷ்ய விஞ்ஞானி மெண்டலீவ் 1869இல் தமது அட்டவணையை வெளியிட்டபோது சில கட்டங்களை வெறுமையாக விட்டார்; அங்கே வரப்போகும் மூலகங்களின் இயல்புகளை 1871இல் முன்கூட்டியே விரிவாக எழுதியும் வைத்தார். அலுமினியத்துக்குக் கீழே அவர் விட்ட இடத்தில் 1875இல் காலியம் வந்து உட்கார்ந்தது. இன்று 118 மூலகங்கள் இருக்கின்றன. அட்டவணையை வெறும் பட்டியலாகப் பார்க்காமல், ஒரே நிரலில் இருப்பவை ஏன் ஒரேமாதிரி நடந்துகொள்கின்றன என்று கேட்டபடி பாருங்கள். ஈற்றோட்டு இலத்திரன்களை எண்ணினால் விடை தெரியும்.

அடுப்பில் ஒரு சமன்பாடு

இரசாயனச் சமன்பாடுகளைச் சமப்படுத்துவது பலருக்கும் பயம். சமையல் எரிவாயுவில் இருந்து தொடங்குங்கள். அதில் இருப்பவை பெரும்பாலும் புரொப்பேனும் பியூற்றேனும். ஒரு புரொப்பேன் மூலக்கூறில் 3 காபன், 8 ஐதரசன். அது முழுமையாக எரிந்தால் காபனீரொட்சைட்டும் நீரும் வரும். 3 காபன் இருப்பதால் 3 காபனீரொட்சைட்டு மூலக்கூறுகள். 8 ஐதரசன் இருப்பதால் 4 நீர் மூலக்கூறுகள். விளைவுகளில் உள்ள ஒட்சிசன் அணுக்களை எண்ணுங்கள்: 6உம் 4உம் பத்து. வளியில் ஒட்சிசன் இரண்டிரண்டாகச் சேர்ந்தே இருப்பதால் 5 மூலக்கூறுகள் தேவை. சமப்படுத்தியாயிற்று. முதலில் காபன், பிறகு ஐதரசன், கடைசியில் ஒட்சிசன்: தகனச் சமன்பாடுகளுக்கு இந்த ஒழுங்கு பெரும்பாலும் கைகொடுக்கும்.

எரிவாயுவிலிருந்து நீர் வருகிறது என்பதை நம்ப முடியவில்லையா? குளிர்ந்த நீர் நிரப்பிய, வெளிப்புறம் நன்றாகத் துடைத்த பாத்திரத்தை அடுப்பில் வைத்து முதல் சில செக்கன்கள் உற்றுப் பாருங்கள். வெளிப்புறத்தில் பனித்ததுபோல் ஈரம் படர்ந்து, பாத்திரம் சூடேறியதும் மறையும். சுவாலையில் பிறந்த நீராவி குளிர்ந்த உலோகத்தில் ஒடுங்கிய தடம் அது.

அணுத்திணிவுகளை வைத்துத் திணிவுக்கும் கணக்குப் பாருங்கள். 44 கிராம் புரொப்பேனுக்கு 160 கிராம் ஒட்சிசன், மொத்தம் 204. விளைவுகள் 132 கிராம் காபனீரொட்சைட்டும் 72 கிராம் நீரும், அதுவும் 204. திணிவு காக்கப்படும் என்று 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி இலவோசியே தராசை வைத்து நிலைநாட்டியது இதைத்தான். இந்த 44 கிராம்தான் ஒரு மூல் புரொப்பேன். ஒரு மூலில் 6.022 × 10²³ துணிக்கைகள். நீரில் ஒரு மூல் 18 கிராம். உங்கள் சிரிஞ்சில் ஒரு முறை 10, மறுமுறை 8 மில்லிலீற்றர் எடுத்தால் அத்தனை மூலக்கூறுகளும் உங்கள் கையில்.

சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கரிபிடித்தால் ஒட்சிசன் போதவில்லை என்று அர்த்தம். அப்போது நச்சு வாயுவான காபனோரொட்சைட்டும் உருவாகலாம்; யன்னலைத் திறந்துவைத்து, அடுப்பைப் பழுதுபார்க்கச் சொல்லுங்கள்.

ஆணிகள் நான்கு

கடலோரமாக வெள்ளவத்தையிலோ தெகிவளையிலோ இருப்பவர்களுக்கு யன்னல் கம்பி துருப்பிடிப்பது அன்றாடக் கவலை. அதையே பரிசோதனையாக்குங்கள். இரும்பாணிகள் நான்கு வாங்குங்கள். நாகம் என்ற உலோகம் பூசிய ஆணி வேண்டாம், அது இலேசில் துருப்பிடிக்காது. கடைக்காரரிடம் பூச்சில்லாதது என்று கேட்டு வாங்கி, எண்ணெய்ப் பிசுக்குப் போக சவர்க்காரத்தால் கழுவித் துடையுங்கள்.

முதல் போத்தலில் உலர்த்தியொன்று போட்டு இறுக மூடுங்கள். புதிய சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொதி போதும். இரண்டாவதில் கொதிக்கவைத்து ஆறிய நீர், அதன்மேல் தடிப்பாக ஒரு படை தேங்காய் எண்ணெய். கொதிக்கும்போது கரைந்திருந்த ஒட்சிசன் வெளியேறிவிடுகிறது; எண்ணெய் அதைத் திரும்ப உள்ளே விடாது. மூன்றாவதில் சாதாரணக் குழாய்நீர், ஆணி பாதி அமிழ. நான்காவதில் கடல்நீர், அதுவும் பாதி அமிழ. ஒவ்வொன்றிலும் என்ன நடக்கும் என்று எழுதிவிட்டுத் தினமும் அதே நேரத்தில் படமெடுங்கள்.

மூன்றாவதும் நான்காவதும் சிவக்கத் தொடங்கும், நான்காவது முந்திக்கொள்ளும். நீர் மட்டும் போதாது, ஒட்சிசன் மட்டும் போதாது, இரண்டும் சேரவேண்டும் என்பதை முதல் இரண்டு போத்தல்களும் காட்டும். உப்பு, நீரின் மின்கடத்தலைக் கூட்டி அயன்கள் நகர்வதை எளிதாக்குவதால் துரு விரைகிறது. ஒரு காரணியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைத்திருப்பதே கட்டுப்பாட்டுப் பரிசோதனை; பரீட்சையில் அதைக் கேட்டால் இந்த நான்கு போத்தல்களையும் நினைத்துக்கொண்டு எழுதலாம்.

அமிலமும் மூலமும்

செவ்வரத்தம்பூ இதழ்களைச் சுடுநீரில் ஊறவைத்து வடியுங்கள். தேசிக்காய்ச் சாற்றில் சில துளிகள் விட்டால் கடும் இளஞ்சிவப்பு, அப்பச்சோடாக் கரைசலிலும் சவர்க்கார நீரிலும் பச்சை. மஞ்சள்தூள் வேறு விதம்: அமிலத்தில் மஞ்சளாகவே இருந்து, சுண்ணாம்பு பட்டதும் சிவந்துவிடும். அமிலத்தன்மையை அளக்கும் பீ.எச். அளவுத்திட்டத்தில் ஒரு படி என்பது ஐதரசன் அயன் செறிவில் பத்து மடங்கு வித்தியாசம், பீ.எச். 3 உள்ள கரைசல் பீ.எச். 5 உள்ளதைவிட நூறு மடங்கு அமிலத்தன்மை கொண்டது. இதில் பலர் இரண்டு மடங்கு என்று எழுதிவிடுகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை, இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். வெளுக்கும் திரவத்தையும் கழிவறை சுத்தமாக்கும் அமிலத்தையும், ஏன், வினாகிரியையும்கூட ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிராபத்து.

வினாத்தாளுக்கு வரும்போது

ஓர் அலகு முடிந்ததும் அந்த அலகுக்குரிய கடந்தகால வினாக்களை மட்டும் எடுத்துச் செய்யுங்கள். முழு வினாத்தாளை நேரம் வைத்துச் செய்வது கடைசித் தவணைக்குப் போதும். கணக்கு வினாவில் தந்தவற்றை முதலில் அலகோடு எழுதுங்கள், அலகுகளை ஒரே முறைக்கு மாற்றுங்கள், சூத்திரத்தை எழுதுங்கள், பிறகே எண்களைப் பிரதியிடுங்கள். விடை வந்ததும் அது நியாயமான அளவா என்று பாருங்கள்: ஒரு பிள்ளை படியேறும் வலு 20 000 வாற்று என்று வந்தால் எங்கோ பூச்சியம் கூடிவிட்டது. பல்தேர்வில் பிழைத்த வினாவைச் சரியான விடையின் எழுத்தோடு மட்டும் குறித்துவைக்காமல், மற்றைய தெரிவுகள் ஒவ்வொன்றும் ஏன் பிழை என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். அப்படி எழுத முடியாத தெரிவு எதுவோ, அதைத்தான் அடுத்த நாள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கேட்க வேண்டும்.